இரவுப் பசியும் மேட்டூர் நீர்மட்டமும்

கேள்வி: வயது 44, மன்னார்குடி பக்கம் விவசாயம். நான்கு மாதம் இரவுச் சாப்பாட்டையே நிறுத்தி 9 கிலோ குறைத்தேன். குறுவை அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவல் கிடந்தபோது தாங்க முடியாத பசி. 6 கிலோ திரும்ப ஏறிவிட்டது. ‘வாயைக் கட்டத் தெரியவில்லை’ என்கிறார்கள் வீட்டில். லெப்டின் மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: இதில் உங்கள் வாய் மேல் குற்றமில்லை. வீட்டில் முதலில் அதைச் சொல்லுங்கள். பசி எவ்வளவு என்பதை முடிவு செய்வது மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற சின்னஞ்சிறு பகுதி.

டெல்டாக்காரருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். உடம்புக் கொழுப்பை மேட்டூர் அணை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு செல்கள் சுரக்கும் லெப்டின்தான் தினமும் மூளைக்குப் போகும் நீர்மட்டச் செய்தி. 1994-இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு இதைக் கண்டுபிடித்தது. நீங்கள் பட்டினி கிடந்ததும் லெப்டின் சரசரவென்று இறங்கியிருக்கும். அணையில் மட்டம் இறங்கினால் என்ன செய்வார்கள்? முறைப்பாசனம், அதாவது முறைவைத்துத் தண்ணீரைச் சிக்கனமாக விடுவார்கள். மூளையும் அதைத்தான் செய்கிறது. உடம்பு எரிக்கும் கலோரியைக் குறைக்கிறது, பசியைக் கூட்டுகிறது. நாம் வேண்டுமென்றே இளைக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது, பஞ்சம் வந்துவிட்டது என்றே நினைக்கும்.

இது ஒரு வாரத்தில் அடங்கிவிடும் விஷயமும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 10 வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்து இளைத்தவர்களை ஓராண்டு கழித்துச் சோதித்தார்கள். 2011-இல் வெளியான ஆய்வு அது. அப்போதும் லெப்டின் பழைய அளவுக்கு ஏறாமல், பசி தணியாமல் இருந்தது. எடை ஏறிவிட்டதே என்று நொந்துபோய் வருபவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது கிரெலின். இரைப்பை சுரக்கும் பசி ஹார்மோன், 1999-இல் ஜப்பானில் கண்டறிந்தது. வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது தானாக ஏறும். இத்தனை வருடம் ராத்திரி எட்டரைக்குச் சாப்பிட்ட வயிறு எட்டரைக்குக் கேட்கத்தான் செய்யும்.

ஆனால் உங்களைக் கவிழ்த்தது கண்விழிப்பு என்றே நினைக்கிறேன். சிகாகோவில் ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவு 4 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். 10 மணி நேரம் படுத்தபோது இருந்ததைவிட லெப்டின் 18 சதவீதம் குறைவு, கிரெலின் 28 சதவீதம் அதிகம். இனிப்பும் மாவுப் பண்டமும் கேட்டார்களே தவிர, காய்கறி மேல் அவ்வளவு ஆசை வரவில்லை. தார்ப்பாய் போட்ட நெல் குவியல் பக்கத்தில் இரண்டு மணிக்கு உட்கார்ந்திருப்பவருக்குப் பரோட்டாக் கடை வெளிச்சம் ஏன் அப்படி இழுக்கிறது என்பது புரிகிறதா?

அதனால் இரவுச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். ஏழரைக்குள் முடியுங்கள். முதலில் கீரை, காய், மீனோ முட்டையோ, பச்சைப்பயறோ. சோறு கடைசியில், பாதி அளவு. புரதமும் நார்ச்சத்தும் குடலுக்குள் போனால் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற ஹார்மோன்கள் சுரந்து ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும். காவலுக்குப் போகும்போது ஒரு டப்பா கொண்டைக்கடலைச் சுண்டல் கையில் இருக்கட்டும். மச்சானோ தம்பியோ இருந்தால் ஒரு ராத்திரி விட்டு ஒரு ராத்திரி மாற்றிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் போதும், அவசரம் வேண்டாம்.

லெப்டின் மாத்திரைக்குக் காசைச் செலவழிக்காதீர்கள். அது ஒரு புரதம். விழுங்கினால் பருப்பைப் போலச் செரித்துப்போகும். ஊசியாகப் போடுவதும் சில அரிய நோய்களுக்கு மட்டுமே. பருத்த உடம்பில் பெரும்பாலும் லெப்டின் ஏற்கெனவே நிறையவே இருக்கும், மூளைதான் அதைக் காதில் வாங்குவதில்லை.

அப்புறம், சர்க்கரையும் தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவராக இருந்தால் சாப்பாட்டைத் தள்ளிப்போடவே கூடாது. பசியோடு கை நடுங்கி வியர்த்தால் அது சர்க்கரை இறங்கியதாக இருக்கலாம். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.