வீட்டில் செய்த கத்தியை 1000 எண் உப்புத்தாள் வரை தேய்த்தும் கீறல்கள் மறையாததும் மறுநாளே துரு பிடிப்பதும் ஏன்?

லாரி ஸ்பிரிங் பட்டையில் மீன் கத்தி ஒன்று செய்து, பழுக்கக் காய்ச்சி முக்கி இறுக வைக்கும் தோய்ச்சலும் முடித்து, 120, 400, 1000 என்று மூன்று உப்புத்தாள்களால் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்) தேய்த்திருக்கிறீர்கள். அப்படியும் அலகில் கோடுகள் தெரிகின்றன, விடிந்து பார்த்தால் துருப்புள்ளிகளும் இருக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தொழில்முறைக் கொல்லன் அல்லன். கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் நடுவில், தென்கடல் காற்று நேராக வீசும் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஏழெட்டுக் கத்திகள் செய்தவன். நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைகளையும் பட்டவன்.

1000 எண் தாள் போட்டபின் கண்ணில் படும் அந்தக் கோடு 1000-இல் விழுந்ததன்று. அரமோ 120 தாளோ விட்டுப்போன தடம் அது. சுற்றிலும் எல்லாம் சொரசொரப்பாக இருந்தவரை கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்திருந்தது. சுற்றுப்புறம் மின்னத் தொடங்கியதும் தனித்துத் தெரிகிறது. 120 தாளில் ஒட்டியிருக்கும் தேய்ப்பு மணி (துகள்) ஏறத்தாழ 125 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 400-இல் அது 35, 1000-இல் 18 தான். 125 மைக்ரான் மணி உழுத பள்ளத்தை, தோய்ச்சல் ஏறி இறுகிய எஃகில் 35 மைக்ரான் மணியைக் கொண்டு சமன் செய்ய நினைத்தால் கைதான் ஓயும். ஆகவே 120-க்குத் திரும்பிப் போவதைத் தவிர வேறு வழியில்லை. முதன்முதலில் நான் செய்த கத்தியைப் பார்த்த ஊர் ஆசாரி, "எண்ணெய் தடவி மினுக்காட்டாத தம்பி, அடியில கெடக்குற அரத்தடத்த மொதல்ல எடு" என்றார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது.

இப்போது நான் செய்வது இதுதான். அலகை ஒரு பலகையின் மேல், முனை வெளியே நீளாதபடி கிளாம்ப் போட்டு இறுக்குகிறேன். ஈரத்தோடு தேய்க்கத் தக்க கறுப்பு நிற உப்புத்தாளான வாட்டர் பேப்பரை வெறும் விரலால் அழுத்துவதில்லை. விரல் மெத்தென்று இருப்பதால் பள்ளத்துக்குள்ளும் இறங்கித் தேய்த்து, மேடு பள்ளத்தை அப்படியே வைத்துவிடும். நேரான இரும்புத் துண்டு ஒன்றின் மேல் தாளைச் சுற்றிக்கொண்டால் மேடு மட்டும் தேயும். அலகு முழுவதும் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு 120-ஐத் தொடங்குங்கள். எங்கே மை மிஞ்சுகிறதோ அங்கே தாள் இன்னும் தொடவில்லை என்று பொருள். 120-ஐ வலப்பக்கம் சாய்வாகவும், 220-ஐ இடப்பக்கம் சாய்வாகவும், 400-ஐ நீளவாக்கிலும் என்று திசையை மாற்றிக்கொண்டே போனால், முந்தைய தாளின் கோடு ஒன்று மிஞ்சினாலும் குறுக்கே கிடந்து காட்டிக்கொடுத்துவிடும். அதைக் காலை வெயில் சாய்வாக விழும் இடத்தில் பார்க்க வேண்டும். டியூப்லைட் எல்லாவற்றையும் மறைத்துவிடும். எனக்கு ஒரு பக்கத்துக்கு 120-இல் மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆகிறது, 220-இல் அரை மணி, அதன்பின் ஒவ்வொன்றுக்கும் கால் மணிதான். அடுத்த தாளுக்குப் போகுமுன் அலகையும் பலகையையும் துடைத்துவிடுங்கள். முந்தைய தாளின் ஒரே ஒரு மணி ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 400-இன் நடுவே புதிய கோடு போட்டுவிடும்.

கடைசித் தாளில் முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. கை திரும்பும் இடத்தில் மணி புரண்டு, தூண்டில் முள்ளைப் போல வளைந்த சிறு கீறல் விழும். கைப்பிடியிலிருந்து முனைவரை ஒரே இழுப்பாக இழுத்து, தாளைத் தூக்கி, புதிய பகுதியை எடுத்து மறுபடி இழுக்க வேண்டும். மீன் கத்திக்கு 800 போதுமென்பது என் எண்ணம். கண்ணாடி மெருகு பார்க்க அழகுதான், ஆனால் ஒரு பாறை மீனை அறுப்பதற்குள் அந்த அழகு போய்விடும்.

இனி துரு. தேய்க்கும்போது எந்தத் தண்ணீரைத் தெளித்தீர்கள்? நம் பகுதியின் கிணற்றிலும் ஆழ்குழாயிலும் பெரும்பாலும் உப்புநீர்தான் வருகிறது. நானும் அதைத்தான் தெளித்துத் தேய்த்து, ஈரத் துணியில் சுற்றி வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் துணியின் நெசவு அப்படியே செம்பழுப்புக் கட்டங்களாக அலகில் பதிந்திருந்தது. உப்பிலுள்ள குளோரைடு இரும்பை எளிதில் அரிக்கும்; ஆழமான கீறல் உப்பையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் கீறல் மிஞ்சிய கத்தி இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கிறது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்த காற்று, நம் கத்தியை விடுமா? தண்ணீருக்குப் பதில் மண்ணெண்ணெய் அல்லது மெல்லிய மெஷின் ஆயில் தெளித்துத் தேயுங்கள். வேலையை நிறுத்தும் ஒவ்வொரு முறையும், வியர்வைக் கை பட்ட இடங்களைத் துடைத்து எண்ணெய் பூசிவிடுங்கள்.

முடித்தபின், அலகைச் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு நீங்கக் கழுவி, கடுக்காய்ப் பொடியைக் காய்ச்சி வடிகட்டிய நீரில் சிறிது நேரம் ஊறவைத்தால், கடுக்காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கருநிறம் ஏறும். இது துருவை அடியோடு நிறுத்தாது, வேகத்தைக் குறைக்கும். அதன்மேல் தேங்காய் எண்ணெய் பூசுகிறேன்; நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். தோலுறைக்குள் வைக்காதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சி அலகோடு ஒட்டவைத்திருக்கும்.

கைப்பிடிக்குச் சீமைக் கருவேல மரத்தைப் பயன்படுத்துகிறேன். ஊரைக் கெடுத்த மரம் என்று திட்டினாலும், நன்றாகக் காய்ந்துவிட்டால் கனத்த, எளிதில் சுருங்காத கட்டை அது. தேய்க்கும்போது மட்டும் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

நீங்கள் 120-க்குத் திரும்புவதற்கு முன், கத்தியின் வாயை ஏற்கெனவே தீட்டியிருந்தால் முதலில் அதை மழுக்கிவிடுங்கள். தீட்டுவது எல்லா வேலைக்கும் கடைசி. அதை மாற்றிச் செய்ததற்கு என் இடக்கை ஆள்காட்டி விரலில் நான்கு தையல் போட்டார்கள்.