உயரம் இருந்தால் போதுமா? ஷாக்கின் 1999-2000 சீசன்

கேள்வி: அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில், லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியின் ஷாக்கீல் ஓ'நீல் (ஷாக்) 1999-2000இல் ஆடியதைப் போல வேறு எந்த சென்டரும் (கூடைக்கு அருகே ஆடும் உயரமான ஆட்டக்காரர்) ஒரு முழு சீசன் ஆடியதில்லை என்பது என் கட்சி. என் தம்பி சிரிக்கிறான். "ஏழடி உயரம், 140 கிலோ எடை. யானையை இறக்கிவிட்டு யாரும் தடுக்கவில்லையே என்று ஆச்சரியப்படுகிறாயா? ஃபவுலுக்காகக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஃப்ரீ த்ரோ கூடப் போடத் தெரியாத ஆள். எண்ணிக்கையில் பார்த்தாலும் பழைய காலத்து சென்டர் வில்ட் சேம்பர்லின்தான் பெரிய ஆள்" என்கிறான். இவனுக்கு என்ன பதில் சொல்வது? இன்னொன்று. என் மகள் பள்ளி அணியில் சென்டராக ஆடுகிறாள். நன்றாக ஆடினால் "உனக்கென்ன, உயரம் இருக்கு" என்கிறார்கள், சொதப்பினால் "இவ்வளவு உயரம் இருந்தும் இப்படியா" என்கிறார்கள். அந்த சீசனில் அவளுக்குக் காட்ட ஏதாவது இருக்கிறதா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: முதலில் உங்கள் தம்பியைக் கவனித்துவிடுவோம். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 1999 மே மாதம் ஷாக்கின் உயரம் என்ன?

அதே 216 சென்டிமீட்டர்தான். எடையும் ஏறக்குறைய அதேதான். அந்த மே மாதத்தில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி லேக்கர்ஸை 4-0 என்று துடைத்து எறிந்தது. அதற்கு முந்தைய வருடம் யூட்டா ஜாஸ், அதுவும் 4-0. ஆர்லாண்டோ மேஜிக்கில் ஆடிய காலத்தையும் சேர்த்தால் கதை இன்னும் மோசம். 1994இல் இண்டியானா பேஸர்ஸிடம் 3-0, 1995 இறுதிச் சுற்றில் ஹூஸ்டன் ராக்கெட்ஸிடம் 4-0, 1996இல் மைக்கேல் ஜோர்டனின் சிகாகோ புல்ஸிடம் 4-0. 1994 முதல் 1999 வரை ஆறு பிளே ஆஃப்களில் (சீசன் முடிந்தபின் பட்டத்துக்காக நடக்கும் தொடர்கள்) ஐந்து முறை, கடைசித் தொடரில் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் வீட்டுக்குப் போனார். யானை அப்போதும் அதே யானைதான். அப்படியென்றால் 1999 இலையுதிர் காலத்தில் என்ன மாறியது என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

உயரம் மட்டுமே காரணம் என்றால் அந்தக் காலத்தில் ஷாக்கை விட உயரமானவர்கள் லீக்கில் இருந்தார்கள். ஷான் பிராட்லி 229 சென்டிமீட்டர். போர்ட்லாந்தின் அர்விதாஸ் சபோனிஸ் 221. அந்த வருட இறுதிச் சுற்றில் ஷாக்குக்கு எதிரே நின்ற இண்டியானா பேஸர்ஸின் ரிக் ஸ்மிட்ஸ் 224. ஸ்மிட்ஸும் சபோனிஸும் நல்ல ஆட்டக்காரர்கள்தான். ஆனால் 2000இல் அவர்களைப் பார்த்து எந்தப் பயிற்சியாளரும் தூக்கம் கெடவில்லை.

மாறியது என்ன என்றால், முதலில் பயிற்சியாளர். சிகாகோவில் ஆறு பட்டம் வென்ற ஃபில் ஜாக்சன் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தார். கூடவே டெக்ஸ் வின்டர் என்ற முதியவரும், அவருடைய முக்கோண ஆட்டமுறையும் வந்தன. அதில் போஸ்ட்டில், அதாவது கூடைக்கு அருகே அதற்கு முதுகைக் காட்டி நிற்கும் சென்டரிடம் பந்து போனால் அது ஷாட்டில்தான் முடிய வேண்டும் என்றில்லை. அங்கிருந்துதான் ஆட்டமே தொடங்கும். வெட்டி ஓடுகிறவனுக்குக் கொடுக்கலாம், வெளியே நிற்கிறவனுக்குத் தள்ளலாம், இரண்டும் அடைபட்டால் தானே திரும்பிப் போடலாம். முந்தைய சீசனில் ஓர் ஆட்டத்துக்கு 2.3 அசிஸ்ட் (சக வீரர் கூடை போட வழி செய்யும் பாஸ்) கொடுத்துக்கொண்டிருந்த ஷாக், இந்த சீசனில் 3.8 கொடுத்தார். சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் இரண்டு பேர் தன் முதுகில் ஏறி நிற்கும்போது மூன்றாவது ஆள் எங்கே இருக்கிறான் என்று பார்க்கப் பழகியவரின் எண் அது.

அப்புறம் நிமிடங்கள். முந்தைய வருடம் ஆட்டத்துக்கு 34.8 நிமிடம், இந்த வருடம் 40. அவ்வளவு கனமான உடம்பு 48 நிமிட ஆட்டத்தில் 40 நிமிடம் ஓடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. 1995-96 முதல் மூன்று சீசன்களில் காயங்களால் 54, 51, 60 ஆட்டங்கள்தான் ஆடியிருந்தார். இந்த முறை 82இல் 79.

நான் மிக முக்கியமாக நினைப்பது தடுப்பாட்டம். உங்கள் கடிதத்தில் நீங்கள்கூட அதைச் சொல்லவில்லை, தம்பியும் சொல்லவில்லை. பொதுவாக யாரும் சொல்வதில்லை. முந்தைய சீசனில் 1.7ஆக இருந்த பிளாக் (எதிராளியின் ஷாட்டைத் தடுப்பது) சராசரி 3.0 ஆனது. ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது) 10.7இலிருந்து 13.6 ஆனது. சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதுக்கான வாக்கெடுப்பில் அலான்சோ மோர்னிங்குக்கு அடுத்த இடம். தடுப்பில் சராசரிக்கும் கீழே கிடந்த லேக்கர்ஸ், ஒரே வருடத்தில் லீக்கிலேயே புள்ளி விட்டுக்கொடுக்க மிகவும் யோசிக்கிற அணியானது. ஷாக் தன் வாழ்க்கையில் வேறு எந்த வருடமும் இவ்வளவு சிரத்தையாகப் பின்னால் ஓடி வந்து கூடையைக் காத்ததில்லை. இது ஒருவகையில் அவர் மேல் குற்றச்சாட்டும்தான். முடிந்திருக்கிறது, மற்ற வருடங்களில் செய்யவில்லை. சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருது அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் கிடைத்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படும்.

அந்த ஒரு முறை கிடைத்ததோ, 121 வாக்குகளில் 120. மிச்சம் ஒன்று ஆலன் ஐவர்சனுக்குப் போனது. புள்ளிகள் 29.7, ஷாட் துல்லியம் 57.4 சதவீதம், இரண்டிலும் லீக்கில் முதலிடம். அணி 67 வெற்றி, 15 தோல்வி. நடுவில் தொடர்ச்சியாக 19 வெற்றிகள். மார்ச் 6ஆம் தேதி அவருடைய 28ஆவது பிறந்தநாள். அன்று அதே ஊர் கிளிப்பர்ஸ் அணிக்கு எதிராக 61 புள்ளி, 23 ரீபவுண்ட். அரங்கம் இரண்டு அணிக்கும் பொது என்றாலும் அன்றைக்கு அது கிளிப்பர்ஸின் ஆட்டம். கேட்ட டிக்கெட்டுகள் தனக்கு இலவசமாகக் கிடைக்கவில்லை, அந்தக் கோபம்தான் என்று பிற்பாடு அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

சரி, சேம்பர்லினுக்கு வருவோம். 1961-62இல் வில்ட் ஆட்டத்துக்கு 50.4 புள்ளி எடுத்தார், 25.7 ரீபவுண்ட் பிடித்தார். ஆட்டமே 48 நிமிடம், அவர் சராசரி 48.5 நிமிடம். கூடுதல் நேர ஆட்டங்களால் அப்படி. ஹெர்ஷியில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக எடுத்த 100 புள்ளிகளும் அந்த சீசனில்தான். இதையெல்லாம் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது வேறு வேகத்தில் ஓடிய ஆட்டம். அந்தக் காலத்தில் ஓர் அணி ஒரு ஆட்டத்தில் சராசரியாக 108 ஷாட் எடுத்தது. 2000இல் 82தான். ஷாட் அதிகம் என்றால் புள்ளியும் அதிகம், தவறும் ஷாட்டும் அதிகம், அதனால் ரீபவுண்டும் அதிகம். லீக்கில் மொத்தமே ஒன்பது அணிகள். இன்னொன்று, அந்த வருட எம்.வி.பி. விருது வில்ட்டுக்குக் கிடைக்கவில்லை, பில் ரஸலுக்குத்தான் கிடைத்தது. வில்ட்டின் பிலடெல்பியா வாரியர்ஸ் ரஸலின் பாஸ்டனிடம் ஏழாவது ஆட்டத்தில் இரண்டே புள்ளியில் தோற்றது. அது வில்ட்டின் குற்றம் என்று சொல்லவில்லை. யாருடைய எண் பெரியது என்றால் வில்ட். யாரை எதிர்த்து ஆடியவர்களுக்கு வழியே இல்லாமல் போனது என்றால் 2000இன் ஷாக். நீங்களும் தம்பியும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு ஒரே சண்டையைப் போடுகிறீர்கள்.

ஃப்ரீ த்ரோ விஷயத்தில் தம்பி சொல்வது உண்மை. சீசன் முழுக்க 52.4 சதவீதம். அதனால்தான் வேண்டுமென்றே அவரைப் பிடித்து ஃபவுல் செய்வது ஒரு தந்திரமாகவே ஆனது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஃபவுலுக்கு இரண்டு ஷாட். 52.4 சதவீதம் என்றால் ஒவ்வொரு முறையும் சராசரியாக 1.05 புள்ளி. அந்த சீசனில் லீக் அணிகள் பந்து கையில் வரும் ஒவ்வொரு முறையும் எடுத்த சராசரி சுமார் 1.04. அதாவது அவரை ஃபவுல் செய்வதால் லேக்கர்ஸை ஒரு சாதாரண அணியின் அளவுக்குத்தான் இறக்க முடியும். அதற்கு விலையாக உங்கள் பெரிய ஆட்கள் ஒவ்வொருவராக ஆறு ஃபவுல் முடித்து பெஞ்சுக்குப் போவார்கள். பல அணிகள் ஷாக்குக்காகவே கூடுதலாக ஒரு பெரிய உடம்பைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தன.

இறுதிச் சுற்றில் கணக்கு இன்னும் வேடிக்கை. அங்கே அவருடைய ஃப்ரீ த்ரோ 93க்கு 36, வெறும் 38.7 சதவீதம். பேஸர்ஸுக்கு லாபம் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் ஆட்டத்தில் 6க்கு 1. ஆனால் அதே ஆட்டத்தில் களத்தில் இருந்து 31க்கு 21, மொத்தம் 43 புள்ளி, 19 ரீபவுண்ட். இரண்டாவது ஆட்டத்தில் அவரை 39 ஃப்ரீ த்ரோ போட வைத்தார்கள். அதில் 21 தவறின. அப்படியும் 40 புள்ளி, 24 ரீபவுண்ட், லேக்கர்ஸ் வெற்றி. அந்த ஆட்டத்தில்தான் சக வீரர் கோபி பிரையன்ட்டுக்குக் கணுக்கால் பிசகியது. ஆறு ஆட்டங்களிலும் ஷாக் 33க்குக் கீழே இறங்கவில்லை. சராசரி 38 புள்ளி, 16.7 ரீபவுண்ட். 1988க்குப் பிறகு லேக்கர்ஸுக்கு அதுதான் முதல் பட்டம்.

எல்லாம் அவர் ஒருவரே செய்தார் என்று மட்டும் தம்பியிடம் சொல்லிவிடாதீர்கள், பிடித்துக்கொள்வார். போர்ட்லாந்துக்கு எதிரான மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், நான்காவது குவார்ட்டரில் லேக்கர்ஸ் 15 புள்ளி பின்தங்கி, கிட்டத்தட்ட முடிந்துபோன நிலையில் இருந்து 89-84 என்று ஜெயித்தது. அன்று ஷாக் எடுத்தது 18தான், கோபி 25. பேஸர்ஸுக்கு எதிரான நான்காவது ஆட்டத்திலும் கூடுதல் நேரத்தில் ஷாக் ஆறாவது ஃபவுலோடு வெளியே போக, 21 வயது கோபிதான் கரை சேர்த்தார்.

தம்பி விவரமானவர் என்றால் இன்னொரு வாதம் வைத்திருப்பார்: அப்போது ஸோன் தடுப்பு (ஆளைத் தொடராமல் ஆளுக்கொரு இடத்தைக் காப்பது) விதிப்படி கிடையாது, அதனால் ஷாக்குக்கு வேலை எளிது என்று. பாதி சரி. 2001இல் விதி மாறி ஸோன் அனுமதிக்கப்பட்டது. ஆனால் விதி மாறிய அடுத்த சீசனிலும் லேக்கர்ஸ்தான் பட்டம், ஷாக்தான் இறுதிச் சுற்று எம்.வி.பி. அதைச் சொன்னால் போதும்.

இப்போது உங்கள் மகள். எனக்கு அந்த இரண்டாவது கேள்விதான் பிடித்திருந்தது. அவளுக்கு டங்க் (பந்தை மேலிருந்து கூடைக்குள் அழுத்துவது) தொகுப்புகளைக் காட்டாதீர்கள். அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை, கூடையை ஆட்டுவது மட்டும்தான் தெரியும். 2000 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தை முழுதாகப் போட்டு, பந்தைப் பார்க்காமல் ஷாக்கை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பந்து இன்னும் அதை முன்னே கொண்டுவரும் கார்டு கையில் இருக்கும்போதே அவர் ஓடி வந்து, தடுப்பவரை முதுகால் அடைத்து, கூடைக்கு இரண்டடி தூரத்தில் இடம் பிடித்துவிடுவார். பாஸ் வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும். பிறகு ஒரு காலை அச்சாக வைத்து மறுகாலைப் பின்னால் போட்டுத் திரும்பும் அந்த டிராப் ஸ்டெப். எந்தத் தோளில் எதிராளியின் எடை சாய்கிறது என்று உணர்ந்து, அதற்கு எதிர்ப்பக்கம் திரும்புவார். 140 கிலோவில் அந்தக் கால் வேகம் பிறவியிலேயே வந்ததென்று யாராவது சொன்னால், அதே எடையில் இன்னொருவரைக் காட்டச் சொல்லுங்கள்.

பள்ளிப் பயிற்சியாளரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். உயரமான பிள்ளைகளைக் கூடைக்கு அடியில் நிறுத்திவிட்டு, பாஸ் கொடுக்கவும் பின்னால் ஓடி வந்து தடுக்கவும் சொல்லித்தராமல் விடுவது பல இடங்களில் நடக்கிறது. போஸ்ட்டில் பந்து வாங்கி, வெட்டி ஓடுகிறவளுக்குக் கொடுக்கிற ஒரு பயிற்சியை வாரத்தில் சில நாள் வைக்கச் சொல்லுங்கள். "உயரம் இருக்கு" என்கிறவர்களுக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அடுத்த ஆட்டத்தில் அவளுடைய அசிஸ்ட்களையும் தடுத்த ஷாட்களையும் நீங்கள் எண்ணி வையுங்கள், அவளுக்கே ஒரு கணக்கு கிடைக்கும்.

ஃப்ரீ த்ரோவுக்கு மட்டும் ஷாக்கைப் பக்கத்திலேயே சேர்க்க வேண்டாம். யாவ் மிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். 229 சென்டிமீட்டர் உயரம். ஹூஸ்டனில் ஆடிய மொத்தக் காலத்துக்கும் ஃப்ரீ த்ரோ 83 சதவீதம்.