தறிக்கூடத்தை அடகு வைக்காதீர்கள். பெண்ணின் கையைப் பாருங்கள்

போன வாரம் மேற்படிப்பு ஆலோசனை கேட்டுப் பள்ளிபாளையத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. அப்பாவுக்கு எட்டு விசைத்தறி ஓடும் கூடம் ஒன்று இருக்கிறது. அம்மா பையைத் திறந்து முதலில் மேசைமேல் வைத்தது மகளின் மதிப்பெண் பட்டியலை அல்ல, அந்தக் கூடத்தின் கிரயப் பத்திரத்தை. பெண் இரண்டு முறை நீட் எழுதிவிட்டாள். இரண்டாம் முறையும் அரசு இடத்துக்கு எட்டவில்லை. அவளுடைய தாய்மாமா ஒரு முகவரிடம் பேசி, வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். இடத்துக்கு முன்பணம் கட்ட நாளும் குறித்துவிட்டார். எல்லாம் சேர்த்து 35 லட்சம். "நம் சொந்தத்தில் ஒரு டாக்டராவது வேண்டாமா என்கிறார் மச்சான். பத்திரத்தை வைத்தால் வங்கியில் கொடுப்பார்கள்தானே?" என்று கேட்டார் அப்பா.

கவலைப்படாதீர்கள், வழி இருக்கிறது என்றுதான் நானும் தொடங்கினேன். அந்தப் பத்திரத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். தட்டிக்கொடுத்து அனுப்புகிற நேரம் அல்ல அது.

35 லட்சத்துக்கு 11 சதவீதம் என்று வைத்தாலும் வட்டி மட்டும் மாதம் 32,000 ரூபாய் ஆகிறது. நூல் விலை ஏறும்போது தறியை நிறுத்தி வைக்கிற ஊரில் இந்த வட்டியை யார் கட்டுவது? வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிறவர் இங்கே மருத்துவம் பார்க்க எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும். அதில் தேறுகிறவர்களைவிடத் தேறாதவர்கள்தான் பெரும்பாலும் மிக அதிகம். 2021-இல் வந்த விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம், அதே நாட்டில் 12 மாதப் பயிற்சி, இங்கே திரும்பிய பிறகு இன்னொரு 12 மாதம். எல்லாம் தடையின்றி நடந்தாலே பெண்ணுக்கு 26 வயது ஆகிவிடும். மச்சான் பெருமைக்காகப் பேசுகிறார், ஐயா. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போவது நீங்கள். இந்தக் கடனை நீங்கள் வாங்கக் கூடாது என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

அதுவரை பெண் வாய் திறக்கவில்லை. அவளுடைய அப்பாரு, அதாவது தாத்தா, ஸ்பின்னிங் மில்லில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூமில் வேலை பார்த்தவர் என்றும், பஞ்சுத் தூசியில் நெஞ்சு கெட்டு, இரண்டு வருடம் முன்பு கோவையில் ஒன்பது நாள் வென்டிலேட்டரில் கிடந்தார் என்றும் அம்மா சொன்னார். அப்போதுதான் பெண் நிமிர்ந்தாள். மேசையில் கிடந்த நாட்காட்டித் தாளைத் திருப்பிப்போட்டு ஒரு கோடு வரைந்தாள். மேலே எழுந்து, சரிந்து, நடுக்கோட்டுக்குக் கீழே இறங்கி, மெல்ல நடுக்கோட்டை நோக்கி ஏறுகிற கோடு. மூச்சுக் காற்றின் ஓட்டத்தை வென்டிலேட்டர் திரையில் காட்டுகிற கோடு அது. "இது நடுக்கோட்டைத் தொட்ட பிறகுதான் அடுத்த மூச்சு வர வேண்டும். அப்பாருவுக்குத் தொடுவதற்குள்ளேயே அடுத்தது வந்துவிட்டது. அதனால் காற்று உள்ளேயே தங்கிப்போயிற்று. அங்கே வேலையில் இருந்த ஒரு அண்ணன் மூச்சு எண்ணிக்கையைக் குறைத்தார். கோடு போய் நடுக்கோட்டைத் தொட்டது" என்றாள்.

நுரையீரலில் காற்று தேங்குவதை வென்டிலேட்டர் திரையில் கண்டுபிடிப்பது எப்படி என்பதைப் பட்டப்படிப்பு மாணவர்களே தடுமாறித்தான் கற்றுக்கொள்கிறார்கள். பதினேழு வயதில், அழுதுகொண்டு கட்டில் பக்கத்தில் நின்றபடி ஒருமுறை கேட்டதை இரண்டு வருடம் கழித்து இந்தப் பெண் பிசகாமல் வரைகிறாள். பிளஸ் டூவில் அவள் அதிக மதிப்பெண் வாங்கியது உயிரியலில் அல்ல, இயற்பியலில். அந்த அண்ணன் டாக்டரா என்று கேட்டேன். தெரியாது என்றாள். அவர் பெரும்பாலும் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட். தமிழில் சுவாச சிகிச்சையாளர் என்று சொல்லலாம்.

நர்சிங், பார்மசி, பிசியோதெரபி பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அவற்றைச் சொல்ல ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். இதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

இந்தத் தொழிலின் வேர்களில் ஒன்று 1952-இல் இருக்கிறது. அந்த ஆகஸ்டில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் போலியோ பரவி, மூச்சுத் தசைகள் செயலிழந்து பிள்ளைகள் கொத்துக் கொத்தாக இறந்துகொண்டிருந்தார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சென் 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்கச் செய்து, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். இயந்திரங்கள் போதவில்லை. அதனால் சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் நோயாளிகளின் தலைமாட்டில் உட்கார்ந்து அந்தப் பையை அழுத்தினார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கிருந்துதான் வந்தது. கையின் வேலையை இப்போது இயந்திரம் செய்கிறது. அந்த இயந்திரத்துக்கும் மனிதருக்கும் நடுவில் நிற்பவர்தான் சுவாச சிகிச்சையாளர்.

அவர் நாள் முழுக்க என்ன செய்வார்? கடுமையாக நுரையீரல் பழுதான ஒரு அம்மா வருகிறார், எடை 80 கிலோ. சுவாச சிகிச்சையாளர் முதலில் எடுப்பது அளவு நாடாவை. உச்சி முதல் குதிகால் வரை அளக்கிறார், ஐந்தடி. ஐந்தடிப் பெண்ணுக்குக் கணக்கில் கொள்ள வேண்டிய எடை 45.5 கிலோதான். கிலோவுக்கு 6 மில்லி லிட்டர் என்றால் ஒரு மூச்சுக்கு 273 மில்லி. தராசு காட்டிய எடையை நம்பி 480 வைத்தால், ஏற்கெனவே நொந்த நுரையீரல் இன்னும் கெடும். உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருக்காது. 2000-ஆம் ஆண்டு வெளியான, 861 நோயாளிகளை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வில், கிலோவுக்கு 12 மில்லிக்குப் பதில் 6 மில்லி என்று மாற்றியதில் இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்தது. ஒரு நாடாவும் ஒரு பெருக்கலும் உயிரைக் காக்கிற வேலை இது.

மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்து, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் இருக்கிறதா, கரியமில வாயு எவ்வளவு என்று பார்த்து, அடுத்து எதை மாற்றலாம் என்று மருத்துவரிடம் சொல்வதும் அவர் வேலை. தேறிவரும் நோயாளிக்கு இயந்திர உதவியைக் குறைத்து அரைமணி நேரம் தானாக மூச்சுவிட வைத்து, குழாயை எடுக்கலாமா என்று கணிப்பதும் அவரே. நிமிடத்துக்கு 24 மூச்சு, ஒவ்வொன்றும் 0.4 லிட்டர் என்றால், எண்ணிக்கையை அளவால் வகுத்தால் 60 வரும். 105 என்ற வரம்புக்குக் கீழே இருப்பதால் நம்பிக்கையோடு அடுத்த அடி வைக்கலாம். குறைமாதக் குழந்தைகள் பிரிவில், குழந்தை விடும் மூச்சு வெளியேறுகிற குழாயின் முனையை நீரில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்தால், அந்த நீரின் அழுத்தமே குழந்தையின் நுரையீரல் சுருங்காமல் பிடித்துக்கொள்கிறது. குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இயற்பியல் பிடித்த பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடசாலை எது?

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியிலும் வேலை இருக்கிறது. நுரையீரல் திறன் பரிசோதனைக் கூடம், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவோருக்கான ஆய்வகம், வீட்டில் ஆக்சிஜனோடு இருப்பவர்களுக்கான சேவை, வென்டிலேட்டர் நிறுவனங்களில் பயிற்சியாளர் பணி என்று பல இடங்கள். ஆஸ்துமா நோயாளிகளில் பாதிப்பேருக்கு இன்ஹேலரைச் சரியாக இழுக்கத் தெரியாது என்பது என் கண்ணால் கண்டது. அதைச் சொல்லித்தருவதும் இவர்களே.

படிப்பு பி.எஸ்சி. ரெஸ்பிரேட்டரி தெரபி. தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் மூன்று ஆண்டுப் பாடம், ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக் குழு, துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இடம் தந்துவந்திருக்கிறது. இந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை வரி விடாமல் படியுங்கள். 2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய துணை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் இந்தத் தொழிலும் இருக்கிறது.

பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். என்னிடம் ஆலோசனை பெற்றுப் படித்த பிள்ளைகள் தனியார் மருத்துவமனைகளில் முதலில் வாங்கியது மாதம் 15,000 முதல் 25,000 வரை. அரசு நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. இரவுப் பணி உண்டு, தொற்று ஆபத்து உண்டு, கையில் பிடித்த உயிர் போவதைப் பார்க்கவும் வேண்டும். இரண்டு மூன்று ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு, சான்றிதழ்ச் சரிபார்ப்பும் உரிமத் தேர்வும் முடித்து சவூதிக்கும் துபாய்க்கும் போகலாம். அமெரிக்காவில் நல்ல சம்பளம்தான், ஆனால் இங்கே வாங்கிய பட்டத்தோடு நேரே போய் நிற்க முடியாது. அங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்துத்தான் அவர்களுடைய தேர்வை எழுத வேண்டும். பிரிட்டனில் இந்தத் தொழிலே தனியாக இல்லை. பிசியோதெரபிஸ்ட்களும் செவிலியர்களும்தான் இதைப் பார்க்கிறார்கள். இதற்கு மாறாகச் சொல்லும் முகவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கல்லூரி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். சொந்த மருத்துவமனை இல்லாத கல்லூரி வேண்டவே வேண்டாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை வென்டிலேட்டர் ஓடுகிறது, பாடம் நடத்துகிறவர் இதே பட்டம் பெற்றவரா, பயிற்சி ஆண்டில் உதவித்தொகை தருகிறார்களா அல்லது அந்த ஆண்டுக்கும் கட்டணம் கேட்கிறார்களா என்று நேரில் கேளுங்கள். ஆண்டுக் கட்டணம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். தொடக்கச் சம்பளம் அந்தச் செலவைத் தாங்காது. கலந்தாய்வில் அரசுக் கல்லூரி கிடைத்தால், அது எந்த ஊராக இருந்தாலும் போகட்டும்.

அப்பா நீண்ட நேரம் அந்த நாட்காட்டித் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மச்சானிடம் என்ன சொல்வது?" என்று மட்டும் கேட்டார். முன்பணம் கட்ட வேண்டாம் என்று இன்றே தொலைபேசியில் சொல்லுங்கள், மற்றதை நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். பெண்ணிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். அப்பாரு இருந்த அதே மருத்துவமனைக்குப் போய், அனுமதி கேட்டு, அந்த அண்ணனைக் கண்டுபிடித்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு வர வேண்டும். இரவுப் பணி எப்படி இருக்கும், எத்தனை நாள் அழுதார், ஏன் இன்னும் விடவில்லை என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். அம்மா பத்திரத்தைப் பைக்குள் வைத்து முடிச்சுப் போட்டார். வரும் சனிக்கிழமை மாமாவையும் அழைத்துக்கொண்டு வருகிறார்கள்.