ஜப்பானிய அகராதிச் செயலி: எதற்குப் பணம் கட்டலாம், எதற்குக் கட்ட வேண்டாம்?

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள். ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக வேண்டும் என்று ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வில் என்-5 (ஐந்து நிலைகளில் தொடக்க நிலை; என்-1 உச்ச நிலை) தேறிவிட்டு, இப்போது என்-4 தேர்வுக்குப் படிக்கிறாள். வகுப்பில் ஓர் அகராதிச் செயலிக்கு எல்லாரும் ஆண்டுச் சந்தா கட்டியாக வேண்டும் என்கிறார்கள். இலவசச் செயலிகளில் சொற்கள் குறைவு, பொருளும் தவறாக இருக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். உண்மையா? (ஒரு தாயார், மதுரை)

பதில்: அந்தக் காரணத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஆண்ட்ராய்டில் தகோபோதோ, ஐபோனில் ஷிராபே ஜிஷோ, இமிவா முதலிய இலவசச் செயலிகளும், கட்டணம் வாங்கும் செயலிகளில் பலவும் சொற்பொருளை ஒரே இடத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜிம் பிரீன் 1991-இல் தொடங்கி, பலருடைய உழைப்பால் இன்றைக்கு ஏறத்தாழ 2 லட்சம் பதிவுகளாக வளர்ந்திருக்கும் ஜேஎம்டிக்ட் என்ற அகராதிக் கோப்புதான் அது. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். வைத்து வியாபாரமும் செய்யலாம், அதில் சட்டப்படி தவறு இல்லை. ஆனால் எங்கிருந்து எடுத்தது என்பதைச் சொல்லியாக வேண்டும் என்பது அதன் உரிமத்தின் முக்கியமான நிபந்தனை. ஆகவே சந்தா கட்டுமுன் அந்தச் செயலியில் 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஜேஎம்டிக்ட் அல்லது அதன் முந்தைய வடிவமான ஈடிக்ட் என்ற பெயர் மட்டுமே இருந்தால், இலவசமாகக் கிடைக்கும் அதே அகராதிக்குத்தான் உங்களிடம் ஆண்டுதோறும் பணம் கேட்கிறார்கள்.

அப்படியானால் செயலிகளுக்குள் வேறுபாடே இல்லையா என்றால், உண்டு. அது சொற்களில் இல்லை, தேடும் வசதியில் இருக்கிறது. ஜப்பானிய வினைச்சொல் நம் வினைச்சொல்லைப் போலவே ஒட்டுகள் சேர்ந்து உருமாறும். 'போனான்' என்பதை அப்படியே தேடினால் தமிழ் அகராதியில் கிடைக்காது. 'போ' என்று தேட வேண்டும். கற்கத் தொடங்கியவருக்கு அந்த வேர்ச்சொல் எது என்றே தெரியாது. உங்கள் மகளை 'யொந்த' என்று ஹிரகானா என்ற ஒலியெழுத்தில் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 'யொமு' (படி) என்பதன் இறந்த காலமும் அதுதான், 'யொபு' (கூப்பிடு) என்பதன் இறந்த காலமும் அதுதான். நல்ல செயலி இரண்டையும் காட்டி, எது எப்படி உருமாறியது என்பதையும் சொல்லும். ஒன்றை மட்டும் காட்டுகிற செயலியும், எதையும் காட்டாமல் விழிக்கிற செயலியும் இலவசமாகவே கிடைத்தாலும் வேண்டாம்.

அடுத்ததாக, படிக்கத் தெரியாத கான்ஜி எழுத்தை (சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்தை)த் தேடும் வழியைப் பாருங்கள். 2010-இல் திருத்தப்பட்ட ஜப்பானிய அரசின் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலிலேயே 2,136 கான்ஜிகள் இருக்கின்றன. ஒலிப்புத் தெரியாத எழுத்தைத் தட்டச்சு செய்ய வழியில்லை என்பதால், திரையில் விரலால் வரைந்து தேடும் வசதியும், எழுத்தின் உறுப்புகளைத் தேர்ந்தெடுத்துத் தேடும் வசதியும் இரண்டுமே இருக்க வேண்டும். வரையும்போது கோடுகளின் வரிசையை வேண்டுமென்றே மாற்றிப் போட்டுச் சோதியுங்கள். சில செயலிகள் வரிசை பிசகினாலே திணறிவிடும். கடைசியாக, போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு ஒரு சொல்லைத் தேடட்டும். பேருந்தில் படிக்கும் பிள்ளைக்கு இணையம் இல்லாமல் இயங்கும் அகராதிதான் உதவும்.

பொருள் தவறாக இருக்கும் என்று சொன்னதற்கு ஒரு விளக்கம் தேவை. சொற்பொருள் பெரும்பாலும் நம்பத்தக்கது. கவனமாக இருக்க வேண்டியது எடுத்துக்காட்டு வாக்கியங்களில்தான். பல செயலிகளில் வரும் வாக்கியங்கள், ஹ்யோகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் யசுஹிதோ தனகாவும் அவருடைய மாணவர்களும் தொகுத்துப் பிறகு தத்தோஎபா என்ற இணைய வாக்கியத் தொகுப்புத் திட்டத்தில் சேர்ந்தவை. மாணவர்கள் சேகரித்தவை என்பதால் அவற்றில் பிழைகளும், யாரும் பேசாத செயற்கையான தொடர்களும் கலந்திருந்தன. பல திருத்தப்பட்டுவிட்டன என்றாலும், அவற்றை அப்படியே மனப்பாடம் செய்து தேர்விலோ நேர்முகத்திலோ ஒப்பிக்க வேண்டாம். அதே காசில் பாடப்புத்தகம் ஒன்று வாங்கினால் நல்ல வாக்கியங்கள் கிடைக்கும்.

'என்-4 சொற்பட்டியல் அதிகாரப்பூர்வமாக எங்களிடம் மட்டுமே உண்டு' என்று விற்பவர்கள் சொன்னாலும் ஏமாற வேண்டாம். 2010-இல் தேர்வு ஐந்து நிலைகளாக மாற்றப்பட்டதிலிருந்து சொற்பட்டியலையோ கான்ஜிப் பட்டியலையோ தேர்வை நடத்துவோர் வெளியிடுவதே இல்லை. செயலிகளில் சொல்லுக்குப் பக்கத்தில் தெரியும் நிலை அடையாளங்கள் எல்லாம் பழைய பட்டியல்களிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் பிறர் கணித்தவை. வழிகாட்டியாகப் பயன்படும், உத்தரவாதமாக ஆகாது.

பணம் கட்டத் தகுந்த இடமும் உண்டு. சான்செய்தோ பதிப்பகத்தின் தைஜிரின், கென்க்யூஷாவின் பெரிய ஜப்பானிய-ஆங்கில அகராதி, ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே 2016-இல் புதுப்பித்து வெளியிட்ட உச்சரிப்பு அகராதி ஆகியவை தேர்ந்த அகராதியியலாளர்கள் தொகுத்தவை. அவற்றுக்கான விலை நியாயமானது. ஆனால் தைஜிரின் ஜப்பானியச் சொல்லுக்கு ஜப்பானிய மொழியிலேயே பொருள் சொல்கிறது. என்-2 நிலையை நெருங்கும்வரை அது அவளுக்குப் புரியாது, ஆகையால் இப்போது வேண்டாம். ஒலியழுத்தம் மட்டும் முதலிலிருந்தே தேவை: 'ஹஷி' என்பதில் முதல் அசையை உயர்த்தினால் உண்ணும் குச்சி, இரண்டாவதை உயர்த்தினால் பாலம். இதைக் குறித்துக் காட்டும் இலவசச் செயலிகள் இருப்பதால், இரண்டு செயலிகள் ஒத்துவந்தால் இதைக் காட்டுவதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ஒரு வாரம் இலவசம் என்று சொன்ன ஜப்பானிய மொழிச் செயலியைப் பிடிக்காமல் நான்காம் நாளே நீக்கிவிட்டேன். ஆனாலும் கணக்கிலிருந்து ஆண்டுக் கட்டணம் போய்விட்டது. திரும்பக் கிடைக்குமா? (ஒரு மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: போனிலிருந்து செயலியை நீக்குவதால் சந்தா நீங்காது என்பதைப் பலரும் அறியாமல்தான் பணத்தை இழக்கிறார்கள். கூகுள் பிளேயில் 'சந்தாக்கள்' பகுதிக்குள் போய் உடனே ரத்து செய்யுங்கள். பணம் பிடித்து 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் கூகுள் பிளே வழியாகவே திருப்பிக் கேளுங்கள்; அந்த நேரம் கடந்திருந்தால் செயலியை வெளியிட்டவருக்கு எழுத வேண்டியிருக்கும். ஐபோன் வைத்திருப்பவர்கள் இலவசக் காலம் முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே ரத்து செய்திருக்க வேண்டும். யுபிஐ தானியங்கிக் கட்டணத்துக்கு அனுமதி கொடுத்திருந்தால், அதையும் உங்கள் யுபிஐ செயலியிலேயே போய் நிறுத்திவிடுங்கள்.

தொடர் கட்டணம் பிடிக்குமுன் 24 மணி நேரத்துக்குக் குறையாமல் முன்னறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. உங்கள் குறுஞ்செய்திகளிலும் மின்னஞ்சலிலும் அது வந்திருக்கிறதா என்று தேடுங்கள்; வரவில்லை என்றால் வங்கியிடம் எழுத்துமூலம் புகார் கொடுக்க அதுவே போதுமான காரணம். ரத்து செய்யும் வழியை மறைத்து வைப்பதும் சிக்கலாக்குவதும் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி 'சந்தாப் பொறி' என்ற தடைசெய்யப்பட்ட நடைமுறை. திரைப்பிடிப்புகளோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து திரும்பிய நண்பர், தாம் பயன்படுத்திய மின்னணு அகராதிக் கருவியைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். நூற்றுக்கும் மேற்பட்ட அகராதிகள் அதில் இருக்கின்றனவாம். வாங்கலாமா? (ஒரு பொறியாளர், சென்னை)

பதில்: நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்தக் கருவிகள் ஆங்கிலம் கற்கும் ஜப்பானியருக்காகச் செய்யப்பட்டவை. ஜப்பானிய-ஆங்கில அகராதியைத் திறந்தால் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் கான்ஜிக்கு மேல் ஒலிப்பு இருக்காது, ஏனென்றால் ஜப்பானியருக்கு அது தேவையில்லை. பொருளைக் கண்டுபிடித்த பிறகும் வாக்கியத்தைப் படிக்க முடியாமல் போனை எடுத்துத்தான் தேடுவீர்கள். என்-2 தேறியவர் என்றால் தாராளமாக வாங்குங்கள். விசைகளும் திரைக்கீலும் உறுதியாக இருக்கின்றனவா, வெளிச்சத்தில் திரை தெளிவாகத் தெரிகிறதா என்று கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: செயலியில் ஒரு நாளைக்கு ஐம்பது சொற்கள் தேடுகிறேன். மறுநாள் ஒன்றும் நினைவில் இல்லை. ஆங்கிலப் பொருள் மனத்தில் ஒட்டவில்லை. தமிழில் பொருள் சொல்லும் செயலி இருந்தால் சொல்லுங்கள். (பராமரிப்புப் பணிக்குப் பயிலும் ஒருவர், திருநெல்வேலி)

பதில்: ஜேஎம்டிக்ட் கோப்பில் ஆங்கிலத்தோடு ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ் போன்ற மொழிகளில் பொருள் உண்டு, தமிழ் இல்லை. 'தமிழ்' என்று போட்டு வருகிறவற்றில், இயந்திர மொழிபெயர்ப்பை வைத்து ஆங்கிலப் பொருளைத் தமிழாக்கியவற்றை வாங்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். ஆங்கிலத்தில் இழந்ததைத் தமிழில் மீட்க முடியாது. அதைவிட, நல்ல செயலி ஒன்றின் குறிப்புப் பகுதியில் உங்கள் கையாலேயே தமிழ்ப் பொருளை எழுதிவையுங்கள். ஐம்பது வேண்டாம், பத்து போதும்.

நோயாளி 'ஸுகிஸுகி' வலிக்கிறது என்பார். ஆங்கிலப் பொருளை மனப்பாடம் செய்வதைவிட 'விண்விண்ணென்று தெறிக்கிறது' என்று எழுதுங்கள். 'சிகுசிகு' என்றால் 'சுருக்சுருக்கென்று குத்துகிறது'. இரட்டைக்கிளவியோடு வளர்ந்தவர்களுக்கு இவை ஒரே வாசிப்பில் பதிந்துவிடும். 'கொவரெரு', 'கொவஸு' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் வரும். தமிழில் 'உடைந்தது', 'உடைத்தான்' என்று தன்வினையும் பிறவினையும் தனித்தனியே நிற்கின்றன. 'குரெரு', 'அகெரு' இரண்டையும் 'கொடு' என்றே செயலி காட்டிக் குழப்பும். எனக்கு வருவது குரெரு, என்னிடமிருந்து வெளியே போவது அகெரு. தொல்காப்பியம் 'தா' என்பதைத் தன்மைக்கும் முன்னிலைக்கும், 'கொடு' என்பதைப் படர்க்கைக்கும் உரியதாக வகுத்ததை நினைத்துக்கொண்டால் பாதி வழி வந்துவிடலாம்; 'உனக்குத் தருகிறேன்' என்ற இடத்தில் மட்டும் ஜப்பானியம் நம்மிடமிருந்து பிரிந்து அகெரு பக்கம் போய்விடும் என்பதை ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் துறைக்கு இன்னொன்று. என்-4 அல்லது ஜேஎஃப்டி-பேசிக் என்ற அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்வோடு, பராமரிப்புப் பணிக்கென்றே தனி ஜப்பானிய மொழித் தேர்வும் உண்டு. படுக்கைப்புண்ணுக்கு 'தொகொஸுரெ' என்றும் 'ஜொகுஸோ' என்றும் இரண்டு சொற்கள் வரும். செயலி இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே பொருளைக் காட்டும். முன்னது பாட்டியிடமும் அவர் வீட்டாரிடமும் பேசும்போது வரும் சொல். பின்னது மருத்துவக் குறிப்பேட்டில் எழுதும் சொல். இப்படிப்பட்ட இணைகளைத் தனிப் பட்டியலாகச் சேமியுங்கள். புதுப் போனுக்கு மாறும்போது பட்டியல் போய்விடாதபடி, அதைக் கோப்பாக வெளியே எடுக்கும் வசதி அந்தச் செயலியில் உண்டா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.