அருவிக்குப் பின்னால் கூடு கட்டும் பறவையைப் பார்க்க முடியுமா?

முடியும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் யூரே ஊரிலுள்ள பாக்ஸ் கேன்யன் அருவிக்குப் போங்கள். அங்கே கருப்பு உழவாரன் என்ற அரிய பறவை கூடு கட்டுகிறது. ஆகஸ்ட் நல்ல சமயம்.

நடைபாதையில் நின்று, சாரல் படும் பாறை விளிம்புகளைப் பைனாகுலரில் மெதுவாகத் தேடுங்கள். பாசியில் செய்த சின்னக் கிண்ணம், அதில் ஒற்றைக் குஞ்சு. ஆண்டுக்கு ஒரே முட்டைதான்! பகலில் அது அசையாமல் தனியாக உட்கார்ந்திருக்கும். பாறையின் நிழல் என்றே நினைப்பீர்கள். தாயும் தகப்பனும் உயரத்தில் பூச்சி பிடித்துவிட்டு, பெரும்பாலும் பொழுது சாயும்போதுதான் திரும்பும். அதனால் மதியம் எட்டிப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று கிளம்பிவிடாதீர்கள்.

அப்புறம், ஈரமும் செங்குத்துப் பாறையும்தான் கூட்டுக்குக் காவல். குளிர்காலத்தில் இந்தப் பறவைகள் பிரேசிலுக்குப் போவதே 2012இல்தான் தெரியவந்தது.