கதவ தட்டுன சிவப்புப் பட்டை அம்மா போலீஸ் இல்ல தம்பி

ஷாங்காய் வந்த பத்தாம் நாளே கையில சிவப்புப் பட்டை கட்டுன ஒரு அம்மா கதவ தட்டி, வீட்ல எத்தன பேர், வாடகையா சொந்தமான்னு கேட்டு பாஸ்போர்ட்டையும் பாக்கணும்னாங்க, யாரு இவங்க, பயப்படணுமான்னு கேட்டிருந்தீங்க. எனக்கும் 2011ல இதே கதைதான், நான் ஏதோ ரெய்டுன்னு நெனச்சு ஆபீஸ் ஹெச்ஆருக்கு போன் போட்டேன், அந்தப் பொண்ணு சிரிச்சிருச்சு.

அவங்க ஜூவெய்ஹுய் ஆளு, அதாவது அந்தப் பேட்டையோட குடியிருப்போர் கமிட்டி. 1954லயே இதுக்கு விதி போட்டாங்க, 1989ல தனிச் சட்டமே வந்தது, அதுல கமிட்டிக்கு 5லேர்ந்து 9 பேர்னு இருந்துச்சு. சட்டப்படி இது மக்களே நடத்திக்கற அமைப்பு, தேர்தல் கூட உண்டு, ஆனா காசும் ஆபீஸ் ரூமும் வேலையும் மேல இருக்கற ஜியேதாவ் ஆபீஸ், அதாவது அந்த வட்டாரத்து அரசாங்க ஆபீஸ்லேர்ந்துதான் வரும், கட்சிச் செயலாளரே தலைவராவும் இருக்கறது சகஜம், அதனால நம்மூர் அபார்ட்மெண்ட் அசோசியேஷன்னு நெனச்சுராதீங்க. லிஃப்ட் ஓடல, குப்ப எடுக்கலன்னா அது வூயே, மெயின்டெனன்ஸ் கம்பெனி, அங்க போங்க.

முக்கியமா, அந்தம்மாட்ட பாஸ்போர்ட் காட்டுனதோட பதிவு முடிஞ்சுதுன்னு இருந்துராதீங்க. சொந்தமா வீடெடுத்து தங்குனா 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ் ஸ்டேஷன்ல பதியணும், ஹோட்டல்னா அவங்களே பண்ணிருவாங்க, நீங்க பத்து நாள் ஆச்சுங்கறீங்க, இன்னும் பண்ணலன்னா இன்னிக்கே ஓனர கூட்டிட்டு போங்க. விசா புதுப்பிக்கறப்ப போலீஸ்ல பதிஞ்ச சீட்டுதான் கேப்பாங்க.

மத்தபடி அந்தம்மாவ பகைச்சுக்காதீங்க. மேல்வீட்டு தாத்தா பாத்ரூம்லேர்ந்து ஒழுகி என் சீலிங் ஊறிப்போச்சு, வூயே கைய விரிச்சுட்டான், எங்க ஜூவெய்ஹுய் அக்காதான் ரெண்டு பேரையும் உக்கார வச்சு ஆளுக்கொரு கப் வெந்நீர் குடுத்து (டீ எல்லாம் இல்ல) ஒன்றர மணி நேரம் பேசி பெயிண்ட் செலவுல பாதிய வாங்கிக் குடுத்தாங்க, சண்டை தீத்து வைக்கறதும் அவங்க வேலைதான். 2022 லாக்டவுன்ல அதே அக்காதான் எங்கள வெளிய விடாம கேட்ட பூட்டுனதும், அரசாங்கம் குடுத்த முட்டகோஸ் மூட்டைய வாசல்ல கொண்டாந்து வச்சதும். அப்ப விசாட் (WeChat, அங்க வாட்ஸாப் மாதிரி) குரூப்ல எல்லாரும் அவங்கள திட்டித் தீத்தாங்க, நானுந்தான்.

விசாட் குரூப் க்யூஆர் இருந்தா ஸ்கேன் பண்ணி சேந்துக்கோங்க, தண்ணி நிறுத்துற நியூஸ் அதுலதான் மொதல்ல வரும்.