சுவரிலிருந்து இறக்கிய கடிகாரம்

அன்புள்ள அண்ணா,

கைவினைஞர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் யோஹான் க்ரோகர் என்ற, மென்னோனைட் எனும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த கடிகாரக்காரரை இரண்டே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு இரண்டு கேள்விகள். மென்னோனைட்டுகள் குதிரைவண்டியில் போகிறவர்கள், இயந்திரங்களை ஒதுக்குகிறவர்கள் என்றுதான் படித்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் கடிகாரம் செய்தது எப்படி? இன்னொன்று, போரும் அரசியலும் இல்லாமல், ஊர் மாறிப் போய், தொழில் செய்து, பிள்ளைகளை வளர்த்துச் செத்துப்போன ஒருவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

அன்புடன்,
ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள தம்பி,

குதிரைவண்டிக்காரர்கள் அவர்களில் ஒரு சிறு பகுதி மட்டும்தான். நீங்கள் படங்களில் பார்க்கும் அமிஷ் மக்கள் 1693இல் இந்த மரபிலிருந்து பிரிந்து போனவர்கள். மற்றபடி, 16ஆம் நூற்றாண்டில் மென்னோ சைமன்ஸ் என்ற டச்சுப் போதகரின் பெயரால் அழைக்கப்பட்ட இந்த மக்களுக்கு முக்கியமானவை இரண்டு. விவரம் தெரிந்த வயதில்தான் ஞானஸ்நானம். எந்த அரசனுக்காகவும் ஆயுதம் தூக்குவதில்லை. கடிகாரத்தோடு அவர்களுக்கு ஒரு சண்டையும் இல்லை.

இரண்டாவது கேள்விக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

டச்சு நாட்டில் துரத்தப்பட்ட பலர் இன்று போலந்தில் உள்ள டான்சிக் (இப்போது க்டான்ஸ்க்) பக்கம், விஸ்துலா நதி கடலில் சேரும் சதுப்பு நிலத்துக்குப் போனார்கள். தண்ணீரை வடித்து வயலாக்கத் தெரிந்தவர்கள் என்பதால் அங்கே இடம் கிடைத்தது. அப்புறம் அந்த மண் பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசின் கைக்குப் போனது. படைக்கு ஆள் தராதவர்கள் புதிதாக நிலம் வாங்குவதற்குத் தடைகள் வந்தன. அந்த நேரத்தில்தான் ரஷ்யாவின் மகாராணி கேத்தரீன் தெற்கே, இன்றைய உக்ரைனில், குடியேற ஆள் தேடிக்கொண்டிருந்தார். குடும்பத்துக்கு 65 தெஸ்யாத்தீன் (ரஷ்ய நில அளவு), கிட்டத்தட்ட 175 ஏக்கர், படைச்சேவை கிடையாது. அப்படிப் போன மென்னோனைட்டுகளால் 1789இல் நீப்பர் நதிக்கரையில் ஹோர்ட்டிட்சா குடியிருப்பு உருவானது. கொசாக்குகள் என்ற போர்வீரச் சமூகத்தின் கோட்டையை 1775இல் ரஷ்யா அழித்துக் காலிசெய்த மண் அது. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனமில்லை.

க்ரோகர் 1804இல் குடும்பத்தோடு அங்கே ரோஸன்டால் கிராமத்துக்கு வந்தார். ஊரே ஏர் பிடிக்க வந்த இடத்தில் அவர் அரத்தோடும் சிறு சுத்தியலோடும் உட்கார்ந்ததை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

அவர் செய்த கடிகாரத்தைக் கொஞ்சம் பாருங்கள். அதற்குப் பெட்டி கிடையாது, கண்ணாடி கிடையாது. பூ வரைந்த உலோக முகப்பு, பின்னால் பித்தளைப் பல்சக்கரங்கள், கீழே நீண்ட ஊசல், சங்கிலியில் தொங்கும் பித்தளை எடை. எடை மெல்ல இறங்கும், அதுதான் விசை. ஊசல் ஒவ்வொரு முறை போய்வரும்போதும் சக்கரத்தில் ஒரு பல்லை மட்டும் நழுவ விடும், அதுதான் டிக் சத்தம். தினமும் யாராவது சங்கிலியை இழுத்து எடையை மேலே ஏற்ற வேண்டும். மறந்தால் நின்றுவிடும். வீட்டு மனிதரின் கை தினமும் படவேண்டிய பொருள் அது. கல்யாணச் சீராகவும் கொடுத்தார்கள்.

இங்கேதான் குடும்பம் வருகிறது. அந்தக் குடியிருப்புகளில் ஒரு பண்ணையைத் துண்டு போடக்கூடாது என்று விதி. ஒரு பிள்ளைக்குத்தான் நிலம். வீட்டுக்கு எட்டு, பத்துப் பிள்ளைகள் என்றால் மற்றவர்கள் கதி? 1860களில் மொலோச்னா என்ற இன்னொரு மென்னோனைட் குடியிருப்பில் பெரும்பாலான குடும்பங்களுக்கு நிலமே இல்லை. நிலமுள்ளவனுக்குத்தான் ஓட்டு என்பதால் பெரிய தகராறே நடந்தது. சகோதரர்கள் என்று பாடிக் கும்பிட்ட சபையில் இது நடந்ததைப் படிக்கும்போது எனக்கு மனசு கனத்தது. ஆனால் தொழிலைப் பங்கு போட விதி எதுவும் தடுக்கவில்லை. பட்டறையில் ஒரு மகன் கற்றுக்கொள்வதால் இன்னொரு மகனுக்குக் குறைந்துபோவதில்லை. க்ரோகர் வீட்டில் கடிகார வேலை தலைமுறை தலைமுறையாக, 20ஆம் நூற்றாண்டு வரை போனது. அதே ஊர்ப்பக்கத்தில் பேட்டர் லெப் என்ற இன்னொரு கடிகாரக்காரர் அறுவடை இயந்திரங்கள் செய்யத் தொடங்கி, அது பெரிய தொழிற்சாலையாக வளர்ந்தது. பல்சக்கரம் தெரிந்த கை சும்மா இருக்குமா!

1874இல் ரஷ்யா கட்டாயப் படைச்சேவையைக் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டில் ஏறக்குறைய 18,000 பேர் அமெரிக்காவின் கான்சாஸ், நெப்ராஸ்கா, கனடாவின் மானிடோபா என்று கிளம்பினார்கள். புரட்சியும் உள்நாட்டுப் போரும் பஞ்சமும் வந்தபின், 1923இலிருந்து சுமார் 20,000 பேர் கனடா போனார்கள். பலருக்குக் கையில் காசில்லை. கனடியன் பசிபிக் ரயில்வே கடனாகக் கொடுத்த பயணச் செலவை அவர்களின் சமூகம் 1946இல்தான் அடைத்து முடித்தது. சிக்கிக்கொண்டவர்களுக்கு நாடுகடத்தலும் முகாமும் வாய்த்தன. தப்பிய சிலர் 1947இல் ஃபோலன்டாம் கப்பலில் பராகுவே புறப்பட்டார்கள்.

ஒவ்வொரு முறையும் வீடு, வயல், கல்லறைத்தோட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் போனார்கள். கடிகாரம் மட்டும் பல குடும்பங்களோடு கூடவே போனது. பெட்டி இல்லாததால் ஆணியிலிருந்து கழற்றினால் படுக்கைக்குள் சுற்றி வைத்துவிடலாம். மானிடோபாவில் ஸ்டைன்பாக் ஊரின் மென்னோனைட் பாரம்பரியக் கிராமத்தில் இப்படி வந்த கடிகாரங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். சில வீடுகளில் இன்னும் ஓடுகின்றன.

நீங்கள் சொன்ன வாழ்க்கை, அதாவது ஊர் மாறியது, தொழில் செய்தது, பிள்ளைகளை வளர்த்தது, இவ்வளவும் அந்த ஒரு பொருளுக்குள் இருக்கிறது. அவரை இரண்டு வரியில் கடந்தது என் தவறுதான், சரி. தனியாக ஒரு கட்டுரை எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்